கருவி செய்யும் கருவி

தமிழில் 'கருவி' என்னும் சொல் இருவகைப் பொருள்களை ஒருங்கே தாங்கி நிற்கிறது. இசை எழுப்பும் யாழும் குழலும் கருவி. மரத்தைக் குடையும் உளியும் வாய்ச்சியும் கருவி. மூன்றாம் வேற்றுமையின் பொருளைக் கற்பிக்கும் ஆசிரியர் 'உளியால் குடைந்தான்' என்று எடுத்துக்காட்டித் தருவதும் கருவிப்பொருளே. ஒரு செயலை முடித்தற்குத் துணைநிற்பது எதுவோ அது கருவி. இசைக்கருவிக்கும் தொழிற்கருவிக்கும் ஒரே பெயர் அமைந்தது எத்துணைப் பொருத்தம் என்பது, நரம்பிசைக் கருவி செய்வோரின் பட்டறையைக் கண்டார்க்கு நன்கு விளங்கும். அங்கே ஓர் இசைக்கருவி பிறப்பதற்கு முன், அதனைச் செய்தற்கென்றே பல கருவிகள் பிறக்க வேண்டியுள்ளன. அவற்றுட் பல, செய்வோன் தன் கைக்கும் தன் ஊருக்கும் ஏற்பத் தானே ஆக்கிக் கொள்வன.

கித்தார் செய்வதற்கும் பழுதுபார்ப்பதற்கும் வேண்டிய அத்தகைய கருவிகள் யாவை, அவை எவ்வாறு இயங்குகின்றன, அவற்றுள் பொதிந்துள்ள அறிவு யாது என்பன அறியத்தக்கவை. தமிழ் கற்பிப்போர்க்கும் இதில் ஒரு பங்கு உண்டு.

ஜொகூரின் நரம்பிசை

மலேசியத் தீபகற்பத்தின் தென்கோடியில் அமைந்த ஜொகூர், நரம்பிசைக்குப் பெயர்பெற்ற மாநிலம். ஸாப்பின் நடனத்துக்குரிய கம்பூஸ் இசை அங்கே நெடுங்காலமாக வழங்கிவருகிறது. கஸல் என்னும் மலாய் இசைவகை ஜொகூரில் தனித்த உருப்பெற்றது. இவ்விசையில் முற்காலத்தே இந்திய நாட்டுச் சாரங்கியும் சித்தாரும் இடம்பெற்றிருந்தன என்றும், பாக் லோமாக் என்று அழைக்கப்பெற்ற ஹாஜி மூசா பின் யூசோப் அவற்றுக்கு மாற்றாக வயலினையும் கம்பூசையும் அமைத்தார் என்றும் கூறுவர். ஆர்மோனியமும் தபேலாவும் அதில் நிலைத்தன. கித்தாரும் அக்குழுவில் இடம்பெறுகிறது. ஆகவே, இந்தியம், அராபியம், மலாய், ஐரோப்பியம் என்னும் நால்வகைக் கருவிகளும் ஒரே பாயில் அமர்ந்து இசைக்கும் நாடு ஜொகூர் எனலாம்.

கம்பூஸ் இருவகைப்படும். ஒன்று, ஒரே மரத்துண்டைக் குடைந்து, வாயில் தோல் போர்த்திச் செய்வது. இதனைக் கம்பூஸ் மெலாயு என்பர். மற்றொன்று, மெல்லிய மரப்பட்டைகளைப் பசையால் ஒட்டிப் பேரிக்காய் வடிவில் வயிறு அமைத்துச் செய்வது. அராபியரின் ஊது என்னும் கருவியை ஒத்த இதனைக் கம்பூஸ் ஹத்ராமௌத் என்பர். குடைந்து செய்யும் கம்பூசுக்கு உகந்த மரங்களுள் ஒன்று பலா. தஞ்சாவூர் வீணைக்கு உரிய மரமும் பலாவே. கடலுக்கு இப்பாலும் அப்பாலும் தொழிலாளர் ஒரே மரத்தைத் தேர்ந்தது கருதத்தக்கது.

குடைந்து செய்யும் கருவிக்கு உளியும் வாய்ச்சியும் கொட்டாப்புளியும் பெரும்பாலும் போதும். ஒட்டிச் செய்யும் கருவிக்கு அவை போதா. கித்தார் இவ்விரண்டாம் இனத்தைச் சேர்ந்தது. அதன் மேற்பலகை ஏறக்குறைய 2.5 மில்லிமீட்டர் தடிப்புடையது. விலாப்பலகை 2 மில்லிமீட்டர் அளவினது. இத்துணை மெல்லிய பெட்டி, எஃகு நரம்பு பூட்டிய நிலையில், ஏறத்தாழ 70 கிலோகிராம் இழுவிசையை ஆண்டுக்கணக்கில் தாங்க வேண்டும். தடிப்பு மிகுந்தால் ஒலி அடங்கும். குறைந்தால் பெட்டி குழியும். இந்தக் குறுகிய எல்லைக்குள் வளைத்தும் ஒட்டியும் வேலை செய்தற்குரிய கருவிகளைப் பொதுவான தச்சுக்கருவிக் கடையில் காண்பது அரிது.

வளைக்கும் குழாயும் அச்சுப் பலகையும்

முதற்கண் விலாப்பலகையை வளைக்க வேண்டும். ஓர் இரும்புக் குழாயைப் பட்டறை மேசையில் இறுக்கி, அதன் உள்ளே தீ எரியுமாறு செய்வர். ஈரமாக்கிய மெல்லிய பலகையைக் குழாயின் மேல் வைத்து மெல்ல அழுத்தி உருட்டினால், சூடும் நீராவியும் மரநாரைப் பிணித்திருக்கும் லிக்னின் என்னும் பொருளை இளக்க, மரம் வளைந்து கொடுக்கும். ஆறியபின் வளைந்தபடியே நிற்கும். சூடு போதுமா என்று அறிய வெப்பமானி வேண்டா. தோசைக்கல்லில் நீர் தெளித்துப் பார்ப்பதுபோலக் குழாயின் மேல் ஒரு துளி நீர் விட்டால், அது உடனே பரவி ஆவியாகாமல் உருண்டு துள்ள வேண்டும். அதுவே பதம். சூடு குறைந்தால் மரம் முறியும், மிகுந்தால் கருகும்.

வளைத்த விலாக்களை வடிவு குலையாது பிடித்து வைப்பது அச்சுப் பலகை. பல பலகைகளை ஒட்டி, நடுவே கித்தாரின் உருவத்தை அறுத்தெடுத்தால் எஞ்சும் சட்டமே அச்சு. தீபகற்பக் காடுகளில் வளரும் ஜெலுத்தோங் மரம் இதற்கு மிக ஏற்றது. அது எடை குறைந்தது. நேரான நார் உடையது. எளிதில் முறுக்கிக் கொள்ளாதது. வார்ப்பு மாதிரிகள் செய்வோர் அதனை விரும்புவதும் இக்காரணம் பற்றியே.

அச்சைச் செய்வோன் அதில் ஒரு முடிவை நிலைநிறுத்துகிறான். இடை எத்துணை ஒடுங்க வேண்டும், அடிப்பகுதி எத்துணை விரிய வேண்டும் என்று பலகாலும் எண்ணித் துணிந்த அளவை மரத்திலே எழுதி வைக்கிறான். பின்னர் அதனுள் உருவாகும் ஒவ்வொரு கித்தாரும் அத்துணிவின் படியாகும். நூலாசிரியனுக்கு ஏடு எத்தகையதோ அத்தகையது கருவி செய்வோனுக்கு அச்சு.

மூங்கிலும் ரப்பரும்

ஒட்டும் வேலையில் பெரிய இடர்ப்பாடு, பசை உலரும்வரை அழுத்திப் பிடிப்பது. மேற்பலகையின் உட்புறம் பல உட்சட்டங்கள் ஒட்டப்படும். அவை பலகையின் நடுவே இருப்பதால், விளிம்பைக் கவ்வும் இரும்புக் கிளாம்பு அவற்றை எட்டாது. இதற்கு உரிய விடை மூங்கில். மேசைக்கு மேலே, முக்கால் மீட்டர் உயரத்தில், அசையாத மற்றொரு பலகையைக் கூரைபோல் அமைப்பர். இடைவெளியினும் சிறிது நீளமான மூங்கிற் கழிகளைச் சீவி, ஒரு முனையை உட்சட்டத்தின் மேலும் மறுமுனையைக் கூரைப்பலகையிலும் ஊன்றுவர். நீளம் மிகுந்தமையால் கழி வில்போல் வளையும். நிமிர முயலும் அம்முயற்சியே ஓயாத அழுத்தமாகும். தடித்த கழி மிகுதியாகவும் மெலிந்த கழி குறைவாகவும் அழுத்தும். இருபது முப்பது கழிகளை ஒரே வேளையில் ஊன்றலாம். மேலைநாட்டார் இம்முறைக்கு இன்று கண்ணாடியிழைக் கழிகளை விலைக்கு வாங்குகின்றனர். மூங்கில் வளரும் நாட்டில் அச்செலவு வேண்டுவதில்லை.

பெட்டியை மூடும்போது விளிம்பு முழுவதும் ஒரே சீராக அழுத்த வேண்டும். பழைய சைக்கிள் டியூபை நீண்ட நாடாவாக நறுக்கி, பெட்டியைச் சுற்றிச்சுற்றி இழுத்துக் கட்டினால் அது நிறைவேறும். ஒவ்வொரு சுற்றும் சிறிதளவே அழுத்தும். சுற்றுகள் பலவாகும்போது பிடி வலுப்பெறும். விலாவின் உள்விளிம்பில் ஒட்டும் சிறு மரப்பட்டிக்கு, துணி உலர்த்தும் கவ்விகளே கிளாம்பாகும். அவற்றின் வாயில் ரப்பர் வளையம் சுற்றினால் பிடி இன்னும் இறுகும்.

மேற்பரப்பை மெருகிடுதற்கு உப்புத்தாளினும் சிறந்தது சுரண்டு தகடு. ஒடிந்த ரம்பத்தின் எஃகை உள்ளங்கையளவு நறுக்கி, விளிம்பை அரத்தால் நேராக்கி, கடினமான எஃகுத் தண்டினால் அழுந்தத் தேய்த்தால், கண்ணுக்குப் புலப்படாத ஒரு கொக்கி விளிம்பில் மடங்கி நிற்கும். அது மரத்தை மிக மெல்லிய சுருளாகச் சீவும். உப்புத்தாள் நாரைத் தேய்த்துத் தூளால் அடைக்கும். தகடு நாரை அறுத்துத் தெளிவாக்கும்.

மெட்டுக்கோலும் கணக்கும்

கித்தார் செய்வோன் ஆக்கிக் கொள்ளும் கருவிகளுள் நுட்பம் மிக்கது மெட்டுக்கோல். தண்டியில் எந்த எந்த இடத்தில் மெட்டுப் பதிக்க வேண்டும் என்பதைக் குறித்து வைத்த அளவுகோல் அது.

வீணையில் 24 மெட்டுகளும் தேன்மெழுகும் கரித்தூளும் கலந்த மேட்டின்மேல் பதிக்கப்பெறும். மேளம் கட்டும் தொழிலாளர் ஒவ்வொரு மெட்டாக வைத்து, நரம்பை மீட்டிச் செவியால் தேர்ந்து, சுரம் ஒத்த இடத்தில் நிறுத்துவர். பிழையிருந்தால் மெழுகை இளக்கி நகர்த்தலாம். அங்கே செவியே அளவுகோல். கித்தாரில் மெட்டு மரத்தில் அறுத்த பள்ளத்தில் அடித்து இறுக்கப்படுவது. ஒருமுறை அறுத்தபின் நகர்த்த இயலாது. ஆதலின் செவியின் இடத்தைக் கணக்கு எடுத்துக் கொள்கிறது.

அக்கணக்கு எளியது. மேருவுக்கும் குதிரைக்கும் இடைப்பட்ட நரம்பின் நீளத்தை 17.817 என்னும் எண்ணால் வகுத்தால் முதல் மெட்டின் தொலைவு கிடைக்கும். எஞ்சிய நீளத்தை மீண்டும் அதே எண்ணால் வகுத்தால், முதல் மெட்டுக்கும் இரண்டாம் மெட்டுக்கும் உள்ள இடைவெளி கிடைக்கும். இவ்வாறே தொடர வேண்டும். நரம்பு நீளம் 650 மில்லிமீட்டர் ஆயின், முதல் மெட்டு 36.48 மில்லிமீட்டரிலும், அடுத்தது அதிலிருந்து 34.43 மில்லிமீட்டரிலும் அமையும். பன்னிரண்டாம் மெட்டு 325 மில்லிமீட்டரில், அதாவது சரிபாதியில் வரவேண்டும். அங்கேதான் மேல்ஸ்தாயிச் சட்ஜம் ஒலிக்கும்.

16ஆம் நூற்றாண்டின் இத்தாலிய இசையறிஞர் வின்சென்சோ கலிலி, வானநூல் வல்லுநர் கலிலியோவின் தந்தையார், இதற்கு 18 என்னும் எண்ணைக் கூறினார். கைக்கணக்குக்கு அது எளிது. பட்டறைகள் நெடுங்காலம் அதனைக் கையாண்டன. ஆயினும் 18ஆல் வகுத்துச் சென்றால், 650 மில்லிமீட்டர் நரம்பில் பன்னிரண்டாம் மெட்டு 322.6 மில்லிமீட்டரில் விழும். முதல் மெட்டில் அரை மில்லிமீட்டரையும் எட்டாத பிழை, பன்னிரண்டாம் மெட்டில் 2.4 மில்லிமீட்டராக வளர்கிறது.

ஆகவே மெட்டுக்கோலை ஒருமுறை, மிகுந்த கவனத்துடன், உறுதியான மரத்திலோ உலோகத் தகட்டிலோ செய்து கொள்வர். ஒவ்வோர் இடைவெளியையும் தனித்தனியே அளந்து கூட்டாமல், எல்லாத் தொலைவுகளையும் மேருவிலிருந்தே அளந்து குறிப்பது முறை. தனித்தனியே அளந்தால் சிறுபிழைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். கோல் சரியாயின் நூறு கித்தார்களும் சரியாகும். கோல் பிழைத்தால் நூறும் பிழைக்கும். தானே செய்த கருவியின் பெருமையும் பொறுப்பும் இவ்வொன்றிலேயே அடங்கும்.

நேர்மையைச் சோதிக்கும் முறை

எல்லாவற்றையும் தானே செய்து கொள்ளலாமோ எனின், ஆகாது. ரம்பப் பற்களும் நுண்ணளவு காட்டும் கருவிகளும் வாங்கத்தக்கன. வாங்கிய கோலாயினும் செய்த கோலாயினும், அது நேரானதா என்று சோதித்தறிதல் வேண்டும். ஒரு பலகையில் கோலை வைத்து அதன் ஓரமாகக் கூரிய முனையால் ஒரு கோடு வரைக. பின்னர்க் கோலைப் புரட்டி, அதே ஓரத்தை அக்கோட்டின் மேல் பொருத்தி மீண்டும் வரைக. இரு கோடுகளும் ஒன்றாயின் கோல் நேரானது. இடையே வெளி தோன்றினால், அவ்வெளி கோலின் கோணலைப்போல் இருமடங்கு.

இக்கருத்தின் வளர்ச்சியே மூன்று தகட்டு முறை. இங்கிலாந்துப் பொறியாளர் ஜோசப் விட்வொர்த் 1840இல் இதனை விளக்கினார். இரண்டு பரப்புகள் ஒன்றோடொன்று பொருந்துவதனால் மட்டும் அவை சமதளம் ஆகிவிடா. ஒன்று குவிந்தும் மற்றொன்று குழிந்தும் பொருந்தலாம். மூன்று பரப்புகள், எந்த இரண்டை எடுத்தாலும், எவ்வாறு திருப்பி வைத்தாலும் பொருந்துமாயின், மூன்றும் சமதளமே. மூலக்கருவி ஒன்றும் இல்லாத இடத்தில், சரியான கருவியை வெறும் ஒப்பீட்டினாலேயே ஆக்கலாம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

ஈரத்தின் பகை

நிலநடுக்கோட்டை அடுத்த ஜொகூரில் ஆண்டு முழுவதும் மழை உண்டு. காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கும். கித்தார் செய்வோர் ஒட்டு வேலைக்கு உகந்ததாகக் கொள்வது 45 முதல் 50 விழுக்காடு. மரம் நாரின் நீளவாட்டில் ஏறத்தாழ மாறுவதில்லை. குறுக்குவாட்டில் ஈரத்தை உறிஞ்சி விரியும், உலர்ந்து சுருங்கும். ஈரம் மிகுந்த நாளில் ஒட்டிய பலகை, குளிரூட்டிய அறையில் உலரும்போது சுருங்க இடமின்றி வெடிக்கும். விலங்குத் தோலிலிருந்து காய்ச்சும் வச்சிரமும் ஈரமும் சூடும் சேர்ந்தால் இளகும்.

இதற்காகப் பட்டறையார் மூடிய மரப்பெட்டி ஒன்றில் சிறு மின்விளக்கை எரியவிட்டு, பலகைகளை அதனுள் அடுக்கி உலர்த்துவர். ஈரத்தை அளக்கவும் ஒரு கருவி செய்வதுண்டு. ஒரு மெல்லிய மரப்பட்டியை நார் நீளவாட்டில் ஓடுமாறும், மற்றொன்றை நார் குறுக்கே ஓடுமாறும் சீவி, இரண்டையும் ஒட்டி ஒரு முனையை நிலையாகப் பொருத்துவர். ஈரம் ஏறும்போது குறுக்கு நார்ப்பட்டி மட்டும் நீளும். ஆகவே ஒட்டிய பட்டி ஒருபுறம் வளையும். உலரும்போது மறுபுறம் வளையும். பின்னே ஒரு பலகையில், நல்ல ஈரமானியோடு ஒருமுறை ஒப்பிட்டுக் கோடுகள் குறித்துவிட்டால், இம்மரநாவே அறையின் நிலையைச் சொல்லும். மரத்தின் குற்றமாகிய வளைதலையே மரத்தின் காவலாக மாற்றிய அறிவு இது.

பழுதுபார்க்கும் கை

புதிதாகச் செய்வதினும் பழுதுபார்ப்பது கடினம். மூடிய பெட்டிக்குள் செல்ல ஒரே வழி, ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒலித்துளை. உள்ளே கண் செல்லாது. கையும் அரைகுறையாகவே செல்லும். ஆதலின் கண்ணுக்குப் பதில் கோணலாக வளைத்த கம்பியில் பொருத்திய சிறு கண்ணாடியும் விளக்கும், கைக்குப் பதில் நீண்ட கழுத்துடைய மரக் கிளாம்புகளும் செய்யப்படுகின்றன.

மேற்பலகை பிளந்து, ஓர் ஓரம் தாழ்ந்தும் மற்றோர் ஓரம் உயர்ந்தும் நின்றால், இரண்டையும் ஒருமட்டமாக்க ஓர் எளிய உத்தி உண்டு. பிளவின் இடையே நரம்பு நுழையும் அளவு துளையிட்டு, உள்ளே ஒரு மரத்துண்டில் நரம்பைக் கோத்து மேலே இழுப்பர். வெளியே ஒரு சிறு கட்டையில் பொருத்திய பழைய முறுக்காணியில் அந்நரம்பைச் சுற்றி முறுக்கினால், உள்துண்டும் வெளிக்கட்டையும் நெருங்கி இரு ஓரங்களையும் ஒருமட்டத்தில் அழுத்தும். இசைக்காகச் செய்த நரம்பும் முறுக்காணியும் இங்கே கிளாம்பாகின்றன. இசைக்கருவியின் உறுப்பே தொழிற்கருவியாகும் இவ்விடத்தில், 'கருவி' என்னும் சொல்லின் இருபொருளும் ஒன்றாகி விடுகின்றன.

மேருவில் நரம்பு அமரும் வெட்டு, அந்நரம்பின் பருமனுக்கு ஒத்திருக்க வேண்டும். எஞ்சின் பழுதுபார்ப்போர் இடைவெளி அளக்கும் மெல்லிய எஃகுத் தகடுகளின் விளிம்பில் பற்களை வெட்டினால், ஒவ்வொரு நரம்புக்கும் ஏற்ற ரம்பம் கிடைத்துவிடும். தகட்டின் மேல் தடிப்பு முன்பே பொறித்திருப்பதால் அளக்கும் தொல்லையும் இல்லை.

காத்தோரும் இழந்தோரும்

இத்தாலி நாட்டின் கிரெமோனா நகரில் 1737இல் மறைந்த அந்தோனியோ ஸ்திராதிவாரி, வயலின் செய்வோருள் தலைசிறந்தவர். அவர் பட்டறையின் மர அச்சுகளையும் தாள் வார்ப்புகளையும் அவர்தம் மகன் பாவோலோவிடமிருந்து கோசியோ என்னும் பிரபு வாங்கிக் காத்தார். அவற்றைப் பின்னர் 1920இல் வயலின் செய்வோராகிய ஜுசெப்பே பியோரினி விலைக்குப் பெற்று, 1930இல் கிரெமோனா நகருக்கே வழங்கினார். இன்று அவை அந்நகரின் வயலின் அருங்காட்சியகத்தில் உள்ளன. செய்த வயலின்கள் உலகெங்கும் சிதறிப்போன பின்னும், அவை எவ்வாறு செய்யப்பட்டன என்பதை அவ்வெளிய மரத்துண்டுகளே சொல்லுகின்றன.

தமிழர் வரலாறு வேறு. பொருநராற்றுப்படை யாழின் உறுப்புகளைப் பத்தல், போர்வை, ஆணி, மருப்பு, திவவு என ஒவ்வொன்றாகக் கூறுகிறது. குடைந்த பத்தலும் தோற்போர்வையும் உடைய அக்கருவியின் ஆக்கமுறை, குடைந்து தோல் போர்த்தும் கம்பூசை நினைவூட்டும். உளியைச் சங்கப் புலவர் அறியாதவர் அல்லர். நெடுநல்வாடையில் அரசியின் கட்டிலைச் சொல்லுமிடத்து உளி வருகிறது. ஆனால், யாழ்ப் பத்தலைக் குடைந்த கைவினைஞர் எத்தகைய அச்சு வைத்திருந்தார், எதனால் அளந்தார் என்பதைப் பாட்டுச் சொல்லவில்லை. சொல்லுதல் அதன் வேலையும் அன்று. பட்டறை மறைந்தபோது அவ்வறிவும் மறைந்தது. விபுலாநந்த அடிகள் நெடுங்காலம் ஆராய்ந்து, 1947இல் வெளிவந்த யாழ்நூலில் பழைய யாழ்களின் இயல்பை வகுத்துக் காட்டியபோது, அவருக்குத் துணையாக நின்றவை பாட்டிலும் உரையிலும் எஞ்சிய சொற்களும் சிற்பங்களும் கணக்குமே. ஓர் அச்சுப் பலகையேனும் எஞ்சியிருந்தால் அவ்வுழைப்பு எத்துணை எளிதாகியிருக்கும்!

தஞ்சாவூர் வீணைக்கு 2013இலும், நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022இலும் புவிசார் குறியீடு வழங்கப்பெற்றது. இது மகிழ்தற்குரியது. ஆயினும் குறியீடு காப்பது செய்த பொருளின் பெயரை. செய்யும் முறையைக் காப்பது பட்டறையில் கிடக்கும் அச்சும் கோலும் கம்பியுமே. ஒரு பட்டறை மூடப்படும் நாளில் வீணை விலைபோகும். அச்சுப் பலகை அடுப்புக்குப் போகும். அதனோடு அதன் பெயரும் போகும்.

தமிழாசிரியர் செய்யத்தக்கது இங்கேதான் உள்ளது. வாய்ச்சி, கொட்டாப்புளி, இழைப்புளி, வச்சிரம், பிருடை, மேரு, நாகபாசம் என்பன அகராதியில் உள்ள சொற்கள். பட்டறைகளில் நாள்தோறும் வழங்கி அகராதி ஏறாத சொற்கள் இன்னும் பல. ஊரில் உள்ள ஒரு தச்சுப் பட்டறைக்கோ கருவிப் பட்டறைக்கோ மாணவரை அழைத்துச் சென்று, தொழிலாளர் தாமே செய்துகொண்ட கருவிகளை வரைந்து, நீளம், மரம், பயன், வழங்கும் பெயர் ஆகிய நான்கையும் எழுதி வரச் செய்யலாம். ஜொகூரின் தமிழ்ப்பள்ளி மாணவர் கம்பூஸ் செய்வோரிடம் சென்று மலாய்ப் பெயர்களையும் உடன் குறிக்கலாம். பலா மரத்தைக் குடையும் இரு தொழில்களின் சொற்களும் அருகருகே நின்றால் ஒப்பீட்டுக்கு நல்ல வாயில் திறக்கும்.

கருவியின் பெயரை அறிந்தோன், அக்கருவி செய்யும் வேலையையும் ஓரளவு அறிந்தோன் ஆகிறான். யாழின் உறுப்புகளைப் பாடி வைத்தவர் புலவர். அதனைச் செய்த கருவிகளை எழுதி வைப்பாரின்றிப் போனது முன்னைய இழப்பு. இன்று உள்ளவற்றையேனும் எழுதி வைத்தல் தமிழ் கற்றோர் கடனாகும்.